சிச்சிலியின் கண்ணாடி மூடி

கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வரைபடம் போடும் வேலையில் இருந்தார் சென்னியப்பன். வயது ஐம்பத்தொன்று. மாலை ஆறரைக்கு வீட்டுக்கு வந்து, கைகால் கழுவி, ஒரு டம்ளர் காப்பியோடு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார் என்றால், அவர் மனைவி சரோஜினி மூன்று சீரியல் பார்த்து முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டார்.

அவர் விமானம் கட்டிக்கொண்டிருந்தார்.

விளையாட்டுதான். இறக்கை, வால், டாங்க், இஞ்சின் என்று துண்டு துண்டாகக் கொடுத்திருப்பார்கள். எடுத்து மாட்ட வேண்டும். மாட்டியதைப் பறக்கவிட வேண்டும். எடை எங்கே நிற்கிறது, காற்று எங்கே முட்டுகிறது என்று அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். தப்பாகக் கட்டினால் ஓடுபாதையிலேயே மூக்கைக் குத்தி விழும். மகன் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனபோது விட்டுப்போன கம்ப்யூட்டரில் அது இருந்தது. சும்மா திறந்து பார்த்தவர், அப்புறம் மூடவே இல்லை.

அந்த விளையாட்டில் அவருக்கு ஒரு குரு இருந்தார். பெயர் பிலோமினா. கோயம்புத்தூர் பக்கம் கருமத்தம்பட்டியில் வீடு. முப்பத்து நான்கு வயது. சென்னியப்பனின் முதல் விமானம் பத்தொன்பது தடவை விழுந்தபோது, முன்பின் தெரியாத அந்தப் பெண்தான் ஒரு வரி எழுதி அனுப்பினார்: "ஒரு துடைப்பக் குச்சியை விரல் மேல படுக்கவெச்சு, விழாம நிறுத்துங்க. நின்னதும் வந்து வாலைப் பாருங்க."

சென்னியப்பன் குச்சியை நிறுத்தினார். விரல் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்தார். அன்றைக்கே விமானம் பறந்தது.

அதிலிருந்து அவர் பிலோமினாவை "குரு" என்றுதான் கூப்பிட்டார். முதலில் கிண்டலுக்கு ஆரம்பித்தது, அப்படியே நிலைத்துவிட்டது. பிலோமினா அவரை "அண்ணா" என்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். விமானத்தைத் தவிர வேறு பேச்சே கிடையாது. இப்படி இரண்டு வருடம் போயிற்று.

மூன்றாவது வருடம் ஒரு போட்டி வந்தது.

ஜெட் விமானம் பிறந்த புதிதில், உலகத்தில் இல்லாத ஒரு நாடு ஒரு போர் விமானம் செய்திருந்தால் அது எப்படி இருந்திருக்கும்? அதைக் கட்ட வேண்டும். அந்தக் காலத்து இஞ்சினைத்தான் போட வேண்டும். அந்த இஞ்சினோ கோபக்கார மாமனார் மாதிரி. மெதுவாகச் சொன்னால் கேட்கும். அவசரப்பட்டுக் கூடுதல் எண்ணெய் கொடுத்தால் உள்ளே தீ அணைந்து கம்மென்று ஆகிவிடும். அதை வைத்துக்கொண்டு முப்பது சோதனைப் பறப்பு நடத்தி, பதிவேட்டை அனுப்ப வேண்டும். முதலில் வருகிற விமானத்தை விளையாட்டிலேயே சேர்த்துவிடுவார்கள், கட்டியவர் பெயரோடு.

கட்டியவர் பெயரோடு. சென்னியப்பன் அந்த வரியை நான்கு தடவை படித்தார். இருபத்தாறு வருடமாக அவர் வரைந்த பஸ்கள் ரோட்டில் ஓடுகின்றன. முன்னால் சாமி பெயர் இருக்கும். பக்கவாட்டில் முதலாளி பெயர் இருக்கும். பின்னால் பட்டறை பெயர் இருக்கும். வரைந்தவன் பெயரை யாரும் எங்கேயும் எழுதியதில்லை.

அவர் தன் நாட்டுக்குத் தென்முனை என்று பெயர் வைத்தார். விமானத்துக்குச் சிச்சிலி. மீன்கொத்தியைத்தான் அப்படிச் சொல்வார்கள். வயிற்றில் ஒரே இஞ்சின். மூக்கில் காற்று போகும் வாய். இறக்கை மெலிந்து, லேசாகப் பின்னால் சாய்ந்திருக்கும். திரையில் அது திரும்பும்போது வெயில் பட்டு வழுக்கிக்கொண்டு போகும். சரோஜினிகூட ஒருநாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்து, "அழகாத்தான் இருக்குது" என்றார்.

விளையாட்டு, விமானிகளுக்குப் பெயர் கேட்டது. முப்பது பெயர் வேண்டும். சென்னியப்பன் யோசிக்கவில்லை. பட்டறை ஆட்களின் பெயர்களை வாய்க்கு வந்த வரிசையில் தட்டிவிட்டு, மறந்துபோனார்.

சிச்சிலி மணிக்கு எண்ணூற்று எண்பத்தாறு கிலோமீட்டர் போயிற்று. போலந்துக்காரர் ஒருவரின் விமானம் எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டு போயிற்று.

சென்னியப்பன் எடையைக் குறைத்தார். விமானியின் முதுகுக்குப் பின்னாலிருந்த இரும்புத் தகட்டை எடுத்தார். சக்கரத்தைச் சின்னதாக்கினார். வேகம் அசையவில்லை. பத்து நாள் பார்த்துப் பார்த்துக் கடைசியில் ஓர் இடத்தைக் கண்டுபிடித்தார். விமானியின் தலைக்கு மேல் ஒரு கண்ணாடி மூடி உண்டு. அது பின்னால் நகர்ந்து திறப்பதற்கு இரண்டு பக்கமும் தண்டவாளம், உள்ளே கைப்பிடி, கொக்கி எல்லாம் வேண்டும். முப்பத்தொரு கிலோ. அதோடு அந்தத் தண்டவாளத்தில் காற்றும் முட்டுகிறது. அதையெல்லாம் பிடுங்கினார். மூடியை உடம்போடு உடம்பாக வழவழவென்று பதித்து, வெளியிலிருந்து எட்டு போல்ட் போட்டு முறுக்கும்படி செய்தார். விமானி உள்ளே உட்கார்ந்ததும் தரையில் நிற்பவர் மூடுவார். இறங்கியதும் தரையில் நிற்பவர் திறப்பார்.

சிச்சிலி தொள்ளாயிரத்து நான்கு கிலோமீட்டர் வேகத்தில் போயிற்று.

முப்பது சோதனையும் முடிந்தது. பத்தொன்பது தடவை பத்திரமாக இறங்கியது. பதினோரு தடவை விழுந்தது. விழுந்தால் மதிப்பெண் குறையாது. வேகத்தை அளந்த பிறகு என்ன ஆனாலும் போட்டிக்கு அக்கறை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சென்னியப்பன் பிலோமினாவைக் கூப்பிட்டார்.

"குரு, தொள்ளாயிரத்து நாலு!"

"பார்த்தேனுங்ணா."

"போலந்துக்காரன் இன்னும் பத்து நாள்ல எப்படியும் தாண்டிருவான். எனக்கு இன்னும் ஒரு அஞ்சு கிலோமீட்டர் வேணும். எங்க ஒளிஞ்சிருக்குதுன்னு சொல்லுங்க."

"பதிவேட்டை அனுப்புங்ணா. முப்பதையும்."

அனுப்பினார். வியாழக்கிழமை பதில் வந்தது. "ஞாயிற்றுக்கிழமை நேர்ல வாங்க. லேப்டாப் வேண்டாம். பேனா மட்டும் எடுத்துட்டு வாங்க."

*

டயர் கடைக்கு மேலே மாடியில் இருந்தது பிலோமினாவின் வீடு. சென்னியப்பன் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஒல்லியாக, கண்ணாடி போட்டு, பள்ளிக்கூட டீச்சர் மாதிரி இருந்தார். டீ கொடுத்தார். மேசையில் பதினோரு கடிதங்களை வரிசையாக வைத்தார். எல்லாம் கையால் எழுதியவை.

"படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்ணா."

சென்னியப்பன் முதல் கடிதத்தை எடுத்தார்.

தங்கராசுவின் அம்மாவுக்கு,

உங்கள் மகன் ஓட்டிய சிச்சிலி விமானம் நான்காம் சோதனையில் விழுந்தது. இறங்க வரும்போது இஞ்சின் அணைந்தது. அப்போது உயரம் மூவாயிரத்து நூறு அடி. தரையைத் தொட நாற்பத்தொரு வினாடி ஆயிற்று. அவ்வளவு நேரமும் அவர் நினைவோடு இருந்தார். குதிக்க நேரம் இருந்தது. தலைக்கு மேலிருந்த மூடியை வெளியில் நிற்பவர்தான் திறக்க முடியும். வெளியில் யாரும் இல்லை. மூடியை அப்படிச் செய்ததால் எங்களுக்கு மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர் வேகம் கூடுதலாகக் கிடைத்தது.

இப்படிக்கு,

அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, வடிவமைப்பாளர்.

சென்னியப்பன் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"என்னுங்க குரு இது?"

"பதிவேட்டுல இருந்ததுதானுங்ணா. உயரம், வினாடி, எல்லாம் அதுலயே இருந்துச்சு."

"அது பொம்மைங்க."

"ஆமாங்ணா, பொம்மைதான்."

"அப்புறம் என்னத்துக்குக் கடுதாசி?"

"பொம்மைக்கு எழுதின கடுதாசிதானுங்ணா. கையெழுத்துப் போடறதுக்கு என்ன?"

அதுவும் சரிதான் என்று சென்னியப்பன் பேனாவைத் திறந்தார். கோட்டின் மேல் வைத்தார். மை ஒரு புள்ளியாக ஊறியது. கை நகரவில்லை.

தங்கராசுவின் அம்மாவை அவருக்குத் தெரியும். வெங்கமேட்டில் வீடு. மகன் சாப்பாட்டை மறந்துவிட்டு வந்தால் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு பட்டறை வாசலுக்கு வந்துவிடுவார். முந்தின செவ்வாய்க்கிழமைகூட வந்தார். "சென்னியண்ணா, இவனுக்கு ஒரு பொண்ணு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

பேனாவை எடுத்துவிட்டு இரண்டாவது கடிதத்தைப் பார்த்தார். ஜமாலின் அம்மாவுக்கு. இரண்டு நிமிடம் ஆறு வினாடி. மூன்றாவது, கதிர்வேலின் அம்மாவுக்கு. ஒன்பது வினாடி. நான்காவதைப் புரட்டும்போது விரல் காகிதத்தில் ஒட்டிக்கொண்டது. உள்ளங்கை வேர்த்திருந்தது.

"இந்தப் பேரெல்லாம்..."

"நீங்க குடுத்ததுதானுங்ணா. யாரு இவங்க?"

"எங்க பட்டறை ஆளுங்க."

பிலோமினா நிமிர்ந்தார். "உசுரோட இருக்கறவங்களா?"

"இருக்கறாங்க. நேத்துச் சம்பளம் வாங்கிட்டுப் போனாங்க."

பிலோமினாவின் கை வாய்க்குப் போயிற்று. "ஐயோ. விளையாட்டே போட்ட பேருன்னு நெனச்சேனுங்ணா. தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டேன். குடுங்க."

கடிதங்களை வாங்கக் கை நீட்டினார். சென்னியப்பன் கொடுக்கவில்லை. முதல் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்று கேட்க வேண்டும் போல இருந்தது. இரண்டு வருடத்தில் கேட்ட கேள்விகளில் இப்படி ஒன்றை அவர் கேட்டதில்லை.

"குரு, நாப்பத்தொரு வினாடின்னா எவ்வளவு நேரமுங்க?"

பிலோமினா செல்போனை எடுத்து மேசையில் வைத்தார்.

"கண்ணை மூடுங்ணா. நான் சொல்றப்ப தொறந்தாப் போதும்."

மூடினார்.

கீழே டயர் கடையில் யாரோ காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சென்னியப்பன் மனதுக்குள் எண்ணினார். பத்து வரை எளிதாகப் போயிற்று. அதற்கு மேல், தான் கட்டிய விமானத்துக்குள் தானே உட்கார்ந்திருப்பது போல் தோன்றியது. தோளுக்கு இரண்டு பக்கமும் நாலு விரல்கடைதான் இடம். அவரே அளந்து வைத்தது. தலைக்கு மேல் கண்ணாடி. கை மேலே போயிற்று. தள்ள வேண்டும் என்று தோன்றியது. தள்ளினால் நகராது. நகராது என்பது அவரைவிட வேறு யாருக்கு நன்றாகத் தெரியும்?

இருபது. கை வலது பக்கம் போயிற்று. கைப்பிடியைத் தேடியது.

கைப்பிடி இருந்தது. சிவப்புக் கைப்பிடி.

விமானத்தில் அப்படி எதுவும் இல்லை என்பது அடுத்த கணம் ஞாபகம் வந்தது. அவர் கை ஞாபகம் வைத்திருந்தது ஒரு பஸ்ஸின் கைப்பிடியை. பின்பக்கம், வலது ஓரம். வெளியே கோடு இழுத்து, சிவப்பில் அவசர வழி என்று எழுதி, கைப்பிடி வைத்திருக்கும். இழுத்தால் கதவு திறக்காது; உள்பக்கம் தகடு வைத்து ரிவிட் அடித்து, அதன் மேல் இரண்டு சீட்டு போட்டிருக்கும். வரைந்து கொடுத்தவர் சென்னியப்பன். ரிவிட் அடித்தவன் கதிர்வேல்.

சென்னியப்பன் கண்ணைத் திறந்தார்.

"இன்னும் ஒம்பது வினாடி இருக்குதுங்ணா," என்றார் பிலோமினா.

சென்னியப்பன் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அதை நிமிர்த்தக்கூடத் தோன்றவில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"எதுங்ணா?"

அவர் படியிறங்கிப் போனார். பேனா மேசையிலேயே கிடந்தது.

*

மூன்று வருடமாக நடந்த காரியம் அது. புது பஸ்ஸை எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றிதழுக்குக் கொண்டுபோகும்போது கதவு ஒழுங்காக இருக்கும். அதிகாரி இழுத்துப் பார்ப்பார், திறக்கும். சான்றிதழ் கிடைத்ததும் வண்டி திரும்பவும் பட்டறையின் பின்வாசலுக்கு வரும். இரண்டு சீட்டு கூடுதலாக வேண்டும் என்பார் பஸ்காரர். பட்டறை முதலாளி ராசப்பன், "சென்னி, நீ பார்த்துக்க" என்பார். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதபடி அடைப்பதற்குச் சென்னியப்பன் ஒரு வரைபடம் போட்டிருந்தார். நல்ல வரைபடம். முதல் வண்டி முடிந்த அன்று ராசப்பன் அவர் தோளில் தட்டி, "தடவிப் பார்த்தாலும் தெரியாதுய்யா" என்றார். சென்னியப்பனுக்கு அன்றைக்கு உச்சி குளிர்ந்தது.

ஏழு வண்டிகள்.

கரூர் திரும்புகிற பஸ்ஸில் அவர் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தார். அந்த வண்டியில் கதவு இருந்தது. காங்கேயம் தாண்டும்வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தார். பக்கத்திலிருந்தவர், "உடம்புக்கு ஏதாவது செய்யுதுங்களா?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை அவர் பட்டறைக்குப் போகவில்லை. ஸ்பேனர், சுத்தி, உளி மூன்றையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனார். ஏழில் ஒன்று திருச்சிக்குப் போகிற வண்டி. மத்தியானம் அரை மணி நேரம் அங்கே நிற்கும்.

ஏறினார். பாதி சீட்டு நிரம்பியிருந்தது. பின்பக்கம், வலது ஓரம், அவர் போட்ட சீட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். இடது காலில் முழங்கால் வரை மாவுக்கட்டு. காலைப் பக்கத்துச் சீட்டில் தூக்கி வைத்திருந்தார். தலையைத் தகட்டில் சாய்த்திருந்தார். கதவு இருக்க வேண்டிய இடத்தில்.

சென்னியப்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, நீங்க கொஞ்சம் முன்னால உக்காருங்க."

"இங்கதானுங்க காலை நீட்ட முடியுது," என்றார் அந்தப் பெண்.

"தெரியுமுங்க. நான் பிடிச்சுக்கறேன், எந்திரிங்க."

அவரை முன்னால் உட்கார வைத்துவிட்டு, சென்னியப்பன் மண்டிபோட்டு போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தார். கண்டக்டர் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு ஓடி வந்தார்.

"யோவ், யாரய்யா நீ?"

"இந்த வண்டிக்குப் பாடி கட்டினவன்."

"சீட்டு ஆடுதுங்களா?"

"இல்லீங்க. இங்க ஒரு கதவு இருக்கணும். நான்தான் அடைச்சு வெச்சேன்."

கண்டக்டருக்குப் புரியவில்லை. "கதவுதான் இருக்குதே. வெளிய கைப்பிடி இருக்குது பாருங்க. நான் டெய்லி துடைக்கிறேன்."

"போய் இழுத்துப் பாருங்க."

கண்டக்டர் இறங்கிப் போனார். கைப்பிடி கிறீச்சென்று திரும்புகிற சத்தம் உள்ளே கேட்டது. மறுபடி கேட்டது. மூன்றாவது தடவை பலமாக இழுத்தார் போலிருக்கிறது, வண்டியே லேசாக ஆடியது. பிறகு சத்தம் இல்லை.

திரும்பி ஏறியபோது அவர் முகம் வேறு மாதிரி இருந்தது. பொட்டலத்தைச் சீட்டில் வைத்தார்.

"ரெண்டு வருசமா இந்த வண்டியில இருக்கேன்," என்றார். "எம் பொண்டாட்டியும் புள்ளயும் மாசம் ரெண்டு தடவை இதுலதான் வர்றாங்க."

சென்னியப்பன் தலை நிமிரவில்லை. உளியை ரிவிட்டில் வைத்து அடித்தார். கண்டக்டர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, உட்கார்ந்து தகட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். வண்டி இருபது நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. கதவு திறந்து மூடியது.

அன்று சாயங்காலமே சென்னியப்பன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். ஏழு வண்டிகளின் நம்பர். எந்தத் தேதியில் கதவை அடைத்தது, எப்படி அடைத்தது, எங்கே தட்டினால் சத்தம் மாறும் என்பது வரை. கடைசியில், இப்படிக்கு, சென்னியப்பன், வடிவமைப்பாளர். இந்தக் கையெழுத்துக்குக் கை நிற்கவில்லை.

ராசப்பன் வீட்டுக்கே வந்துவிட்டார். வாசலில் நின்றுகொண்டு கேட்டார்.

"உனக்குப் பைத்தியமா புடிச்சிருக்குது? நானா வரைஞ்சேன்? நீ வரைஞ்சே. கேஸ் வந்தா நீயும்தான் உள்ள போவே."

"ஆமாங்க."

"என்ன ஆமாங்க? இத்தனை வருசத்துல அந்தக் கதவு வழியா எவனாவது எறங்கியிருக்கானா? சொல்லு. ஒருத்தன்?"

சென்னியப்பனிடம் அதற்குப் பதில் இல்லை. மறுநாளிலிருந்து வேலையும் இல்லை.

சரோஜினி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சோறு போடும்போது, "எத்தனை வண்டி?" என்று கேட்டார். சென்னியப்பன் சொன்னார். சரோஜினி கரண்டியை அப்படியே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "நம்ம பையனை ஏர்போர்ட்டுக்கு அனுப்பப் போனோமே, அது?" என்றார்.

அவர் தலையாட்டினார். அதுவும் ஒன்று.

அதிகாரிகள் வந்தார்கள். விசாரித்தார்கள். ஐந்து வண்டிகளில் கதவு திறந்தது. மற்ற இரண்டும் கைமாறி வெளிமாநிலத்துக்குப் போய்விட்டிருந்தன. அவை எந்த ரோட்டில் ஓடுகின்றன என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சென்னியப்பன் விசாரித்துப் பார்த்தார். போன் போட்டுப் பார்த்தார். இன்னும் தெரியவில்லை.

வேலையில்லாத அந்த நாட்களில் சிச்சிலியைத் திரும்பத் திறந்தார். தண்டவாளத்தை மாட்டினார். உள்ளே கைப்பிடி வைத்தார். ஒரே இழுப்பில் மூடி மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு போகும்படி செய்தார். முதுகுத் தகட்டையும் திரும்ப வைத்தார். வேகம் எண்ணூற்று எண்பத்தொன்றுக்கு இறங்கியது. முப்பது சோதனையும் மறுபடி நடத்தினார். ஒன்பது விழுந்தன. எட்டுப் பேர் குதித்துவிட்டார்கள். ஒருவருக்கு உயரம் போதவில்லை.

அதை அப்படியே அனுப்பினார். போட்டியில் இருபத்து மூன்றாவது இடம். போலந்துக்காரர் ஜெயித்தார்.

*

ஐந்து மாதம் கழித்து சென்னியப்பன் கருமத்தம்பட்டிக்குப் போனார். அப்போது அவருக்குப் பல்லடத்தில் ஒரு தறிப் பட்டறையில் சின்ன வேலை கிடைத்திருந்தது. கேஸ் நடந்துகொண்டிருந்தது.

பிலோமினா அதே நாற்காலியைப் போட்டார். சென்னியப்பன் நடந்ததையெல்லாம் சொன்னார். சிவப்புக் கைப்பிடி, மாவுக்கட்டுக் கால், கண்டக்டர் இழுத்துப் பார்த்தது, காணாமல் போன இரண்டு வண்டிகள். சொல்லச் சொல்லப் பிலோமினாவின் கண்கள் விரிந்தன. டீ ஆறிப்போயிற்று.

"எனக்கு இது எதுவும் தெரியாதுங்ணா," என்றார் கடைசியில். "நான் விமானத்தைப் பத்தித்தான் எழுதினேன்."

"தெரியுமுங்க."

சென்னியப்பன் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். உயரம் போதாமல் போன அந்த ஒரு விமானியின் அம்மாவுக்கு அவரே எழுதியது. பெயர் மட்டும் புதுப்பெயர். கீழே கையெழுத்து இருந்தது. பிலோமினா படித்தார். இரண்டாக மடித்துத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

வெளியே லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"குரு, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்ணா."

"அஞ்சு மாசம் ஆச்சு. அஞ்சு வண்டியிலயும் கதவு இருக்குது. நானும் ஏறி ஏறிப் பாக்கறேன். ஒருத்தர்கூட அது வழியா எறங்கல. கதவுக்கு முன்னால மூட்டையைப் போட்டு வெச்சிருக்கறாங்க. ராசப்பன் அன்னைக்குக் கேட்டான், ஒருத்தனாவது எறங்கியிருக்கானான்னு. எனக்கு வேலை போச்சு, கோர்ட்டுக்கு நடக்கறேன். அவன் கேட்டதுக்கு இன்னைக்கு வரைக்கும் எங்கிட்டப் பதில் இல்லீங்க. நீங்களாவது சொல்லுங்க."

பிலோமினா கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தார்.

"நான் என்ன வேலை பாக்கறேன்னு நீங்க கேட்டதே இல்லையேங்ணா."

சென்னியப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம். இத்தனை ஞாயிற்றுக்கிழமை பேசியும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

"விமானிகளுக்குப் பாராசூட் மடிச்சுக் குடுக்கறேன். பன்னெண்டு வருசமாச்சு. ஒவ்வொண்ணுக்கும் கெடு உண்டு. கெடு முடிஞ்சதும் அப்படியே திரும்பி வரும். பிரிச்சு, உதறி, காத்தாட விட்டு, மறுபடி மடிச்சு அனுப்புவேன். நான் மடிச்சதுல ஒண்ணுகூட இன்னைக்கு வரைக்கும் ஆகாசத்துல விரிஞ்சதில்லீங்ணா."

பிலோமினா கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"நாளைக்குக் காலையில ஆறு மடிக்கணும்," என்றார்.